முழங்கை ஜாடை

தையல் மெஷினிலிருந்து ஒரு சாண் வெள்ளை நூலை இழுத்துப் பல்லால் கடித்து அறுக்கிறார். அதைச் சைக்கிள் ஹேண்டில்பாரின் நடுவில் முடிந்து, கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கைகட்டிப் பார்க்கிறார். நூல் எந்தப் பக்கம் பறக்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பித் திட்டுகிறார். "வந்துட்டியா? வா, வா. உனக்கு வேற வேலை ஏது?" காற்றோடு சண்டை பிடிக்கும் தையல்காரர் எங்கள் தெருவைத் தவிர வேறெங்கும் இருக்கமாட்டார்.

தெருவில் அவருக்கு 'எதிர்க்காத்து' என்று பேர். அறுபது தாண்டி சில வருஷம் ஆயிற்று. கழுத்தில் டேப், காதோரம் சாக்பீஸ், மெஷின் மிதித்து மிதித்தே உருண்டு திரண்ட கெண்டைக்கால். மெஷினுக்கு மோட்டார் போடச் சொன்னால் கேட்கமாட்டார். "பகல் பூரா உக்காந்துக்கிட்டு மிதிக்கிறேன், ஞாயித்துக்கிழமை நகர்ந்துக்கிட்டு மிதிக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம். இதுல மோட்டார் எதுக்கு?" பந்தயச் சட்டையைத் தானே தைத்துக்கொள்வார். முதுகுப் பக்கம் மூன்று பைகள். மூன்றாவது பை எதற்கு என்று கேட்டால், "சும்மா, ஒரு அழகுக்கு" என்பார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலில் உள்ள முடியையெல்லாம் வழித்துவிடுவார். விழுந்து சிராய்த்தால் மருந்து போட வசதியாம். பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுக்கும் அவர் மனைவி தலை நிமிராமலே சொல்வார்: "இந்த வயசுல இந்தக் காலை யாருக்குக் காட்டப் போறீங்க? எனக்குன்னா, நான் எப்பவோ பார்த்தாச்சு."

நான் மூன்றாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். கேரியர் சைக்கிளில் மூட்டை ஏற்றித் தொடங்கினேன். இன்று என் பேர் எழுதிய வண்டிகள் ரோட்டில் ஓடுகின்றன, பேங்க் மேனேஜர் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். மிதிப்பது என்றால் என்ன, எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதனால்தான் இந்த மனிதரைப் பற்றி நான் எழுதுகிறேன். வேறு யார் எழுதினாலும் தப்பாக எழுதுவார்கள்.

வருஷாவருஷம் ஏரிக்கரைச் சாலையில் பந்தயம். கிளார்க், மெக்கானிக், வாத்தியார் என்று ஆசைக்கு ஓட்டுகிறவர்கள்தான் வருவார்கள். முன்பெல்லாம் இவரும் இவருடைய மச்சானும் ஜோடியாக ஓட்டுவார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், எலெக்ட்ரீஷியன். ஒருவர் முன்னால் போய் எதிர்க்காற்றை நெஞ்சில் வாங்கிக்கொள்ள, மற்றவர் அவர் பின்சக்கரத்தை ஒட்டி ஒளிந்து வருவார். முன்னவர் களைத்தால் வலது முழங்கையை ஒரு வெட்டு வெட்டி ஓரம் ஒதுங்குவார். பின்னவர் முன்னே போக வேண்டும். அவருக்கும் முடியவில்லை என்றால் மணியை ஒரே ஒரு தடவை அடிப்பார். 'நீயே இழு' என்று அர்த்தம்.

ஓட்டும்போது இருவரும் வாய் திறந்து பேசியே நான் பார்த்ததில்லை. பேச்செல்லாம் பந்தயம் முடிந்த பிறகுதான். ஒரே துண்டில் இருவரும் முகம் துடைத்துக்கொண்டு, யார் அதிகம் இழுத்தது என்று வீடு வரைக்கும் சண்டை. "ரெண்டு பேரும் கண்ணைக் காட்டுங்க. யார் கண்ணுல மண்ணு ஜாஸ்தியோ அவரு ஜெயிச்சாரு" என்று அந்த அம்மாள்தான் தீர்ப்புச் சொல்வார். அந்த மண் படிந்த முகங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பிறகு என்னவோபோல் ஆகிவிடுகிறது.

மச்சானுக்கு இப்போது இடுப்பு மூட்டு மாற்றியிருக்கிறார்கள். சைக்கிளில் ஏறக் கூடாது.

பந்தயத்தின் கடைசியில் போகும் வண்டி என்னுடையது. டிரைவரை அனுப்பமாட்டேன், நானேதான் ஓட்டுவேன். பாலத்தில் சிவப்புக் கொடி இறங்குவதற்குள் போய்ச் சேராதவர்களை ஏற்றிக்கொள்வது என் வேலை. அதற்கு 'அள்ளுற வண்டி' என்று பேர். இந்த வருஷம் கமிட்டிக்காரர்கள் புதுச் சட்டம் போட்டார்கள்: அறுபது தாண்டியவர் ஒருமுறை அள்ளப்பட்டால் அப்புறம் அவருக்குப் பந்தயத்தில் இடம் கிடையாது.

அன்றைக்கு அடித்த காற்றில் என் வண்டியே ஆடியது. கூட்டம் முன்னால் போய்விட்டது. கடைசி ஆள் எதிர்க்காத்துதான். என் பக்கத்து சீட்டில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு மச்சான். நான் வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சொன்னேன்: "நான் முன்னால போறேன். வண்டிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டே வந்துடுங்க. யாரு பார்க்கப் போறா?"

அவர் திரும்பவில்லை. "முதலாளி, அளவெடுக்கும்போது வயித்த எக்கிக்கிட்டு நிக்கிறவனுக்குச் சட்டை பொருந்துமா? பின்னாலயே வாங்க."

பின்னாலேயே போனேன். ஹேண்டில்பாரின் நூல் அவர் நெஞ்சைச் சுட்டிக்கொண்டே இருந்தது. தூரத்தில் பாலமும் கொடியும் தெரிந்தன. அப்போதுதான் அது நடந்தது. வலது முழங்கையை ஒரு வெட்டு வெட்டினார். ஓரம் ஒதுங்கினார். மிதிப்பதைக் குறைத்தார். நான் பிரேக் போட்டேன்.

"என்ன, கால் பிடிச்சுக்கிச்சா?" என்றேன்.

"இல்ல" என்றார் மச்சான். "எனக்கு வழி விடுறாரு."

வராத ஆளுக்காக அவர் காத்துக்கொண்டே மெல்லப் போனார். பாலத்துக்காரன் கொடிக் கம்பில் கைவைத்துவிட்டான். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் நான் அவரை அள்ள வேண்டியதுதான். மடியில் இருந்த பிளாஸ்க் உருண்டு கீழே விழ, மச்சான் குறுக்கே எட்டி என் ஹார்னை அமுக்கினார். ஒரே ஒரு தடவை.

என் வண்டி ஹார்ன் சாதாரண ஹார்ன் இல்லை. அந்தக் காற்றையும் மீறிப் போய்ச் சேர்ந்தது.

எதிர்க்காத்து நடுரோட்டுக்குத் திரும்பி வந்தார். தலையைக் கவிழ்த்தார். முதுகுப் பை மூன்றும் வானத்தைப் பார்த்தன. மச்சான் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்துவிட்டார். "இழு மாப்ள, இழு. சாயந்திரம் சண்டை போட்டுக்கலாம்." எனக்கு மட்டும்தான் அது கேட்டது.

கொடி பாதி இறங்கும்போது அவருடைய முன்சக்கரம் பாலத்தில் ஏறியது.

ஏறியதும், பின்னால் வரும் மச்சானுக்காக வலது முழங்கையை மறுபடி ஒரு வெட்டு வெட்டினார். இந்தத் தடவை ஓரம் ஒதுங்கவில்லை.