பொணக் கள்ளி பூத்த வாரம்

இது யாரோ சொல்லிக் காதில் விழுந்த கதை இல்லை. சிதம்பரத்தில், போன அக்னி நட்சத்திரத்தில், பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும், வெள்ளைப் புடவையில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக் கொள்ளலாம். மலர்க்கொடியும் அப்படிச் சிரித்தவள்தான். இப்போது அவள் முன்னால் அந்த வாரத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், கை தானாகப் போய் மூக்கைப் பொத்திக் கொள்கிறது. சாப்பிட்டுக் கொண்டே படிக்கிறவர்கள் தட்டை ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

மலர்க்கொடிக்குச் சொந்த ஊர் பெண்ணாடம். கணவன் ராஜ்கமல் மருந்துக் கம்பெனி ரெப். விருத்தாசலம், மங்கலம்பேட்டை என்று பைக்கில் டாக்டர் டாக்டராகச் சுற்றிவிட்டு, இருட்டிய பிறகுதான் வீடு வந்து சேருவான். சிதம்பரத்தில் அலையோ அலையென்று அலைந்து அவர்கள் பிடித்தது ஒரு மாடி போர்ஷன். கீழே வீட்டுக்காரம்மா தில்லையம்மாள். ரிட்டயர்டான டீச்சர், தனிக்கட்டை, சுத்த சைவம். முட்டி தேய்ந்து போனவர். மாடியில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கீழேயிருந்து போன்தான் போடுவார்.

"கறி, மீனு, கருவாடு, எதுவும் வூட்டுக்குள்ள வரக் கூடாது. வந்தா அன்னிக்கே காலி பண்ணிடணும்" என்று சாவி கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்.

கருவாடு இல்லாமல் பழைய சோறு இறங்காத மலர்க்கொடி, வீடு கிடைத்தால் சரி என்று தலையை ஆட்டினாள். அப்புறம் மாசமானாள். மசக்கையில் நாக்கு சும்மா இருக்குமா? ஒருநாள் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டை வறுத்தாள். வாசனை தெருமுனைக்கே போயிருக்கும். போச்சு, காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. டீச்சரோ மறுநாள் காலையில் சிரித்த முகமாக நாலு முருங்கைக்காயைக் கையில் கொடுத்தார். வாயால் மிரட்டினாலும் மனசு தங்கம் என்று மலர் நினைத்துக் கொண்டாள்.

அந்த வீடு அவளுக்கு வேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு வீடு மாறக் கூடாது என்று பெண்ணாடத்தில் அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மாசமான பெண்ணுக்குப் புதிதாக வீடு கொடுக்கவும் யாரும் முன்வர மாட்டார்கள். பிரசவம் முடிகிற வரைக்கும் டீச்சர் முகம் கோணக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த லட்சணத்தில்தான் மாடியில் அந்தச் செடி இருந்தது.

கடலூர் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கிய துண்டு. நர்சரிக்காரர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். மலர் அதற்கு நட்சத்திரக் கள்ளி என்று பெயர் வைத்தாள். விரல் தடிமனில் நாலு பட்டையாக நிமிர்ந்து நிற்கும் தண்டு. இலையும் கிடையாது, குத்துகிற முள்ளும் கிடையாது. வெட்டிய துண்டை நிழலில் காயப் போட்டு, வெட்டுவாய் ஆறிய பிறகு நட்டாள். ஆற்று மணலும் செங்கல் பொடியும்தான் மண். கூடவே நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஆலைக் கரும்புச் சக்கை உரம் ஒரு கை. தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் அடி அழுகிவிடும் என்று குழந்தைக்குப் பாலூட்டுகிற மாதிரி ஸ்பூனால் ஊற்றினாள். ரெண்டு வருஷம் பூக்காமல் போக்குக் காட்டிவிட்டு, அந்த மே மாசம் ஒரே ஒரு மொட்டு விட்டது. பலூன் மாதிரி உப்பிக் கொண்டே போனது.

வியாழக்கிழமை சாயங்காலம் டீச்சர் கீழேயிருந்து போன் போட்டார். "மலரு, காலைல மொத பஸ்ஸுக்குக் கடலூர் போறேன், தங்கச்சி வூட்டுக்கு. வர ஒரு வாரம் ஆவும். பால் வேணாம்னு சொல்லிட்டேன். வூட்டப் பாத்துக்க."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மொட்டு விரிந்திருந்தது.

உள்ளங்கையை விடப் பெரிய பூ. வெளிறிய மஞ்சளில் ரத்தச் சிவப்புக் கோடுகள். இதழ் முழுக்கப் பொடிப் பொடியாக மயிர். தோலுரித்த எதையோ தொடுகிற மாதிரி இருந்தது. ஆசையாக மூக்கை வைத்தாள். அடுத்த நிமிஷம் வாஷ்பேசினில் குனிந்து கிடந்தாள். அழுகிய மாமிசம்! அந்தப் பூவின் தொழிலே அதுதான். பிணம் என்று நம்பி ஈக்கள் வந்து முட்டை போடும். பொரிந்து வருகிற புழுவுக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. அதிலேயே காய்ந்து செத்துப் போகும்.

"பொணக் கள்ளின்னு பேர் வைடி இதுக்கு" என்றான் ராஜ்கமல். "டீச்சர் வந்து மோந்து பாத்தாங்கன்னா, கறி கெடந்து அழுவுதுன்னு நம்மளத் தொரத்திடுவாங்க."

"நாலு நாள்ல உதுந்துடும் மாமா. அவுங்க வர்றதுக்குள்ள ஒண்ணும் இருக்காது."

கீழே இறங்கும்போது பார்த்தாள். டீச்சர் வீட்டுக் கிரில் கேட்டில் பூட்டு தொங்கியது. கிளம்பிவிட்டார். நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுத் தைலம்மாள் மூக்கைப் பொத்திக் கொண்டு வந்து நின்றாள். "என்னாடி செத்துக் கெடக்கு உங்க வூட்ல? குடல் வெளிய வருது!"

மலர் அவளை மாடிக்குக் கூட்டிப் போய்ப் பூவைக் காட்டினாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். தைலம்மாள் சொல்லி நாலு பேர் வந்தார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள், காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் தெருவில் யார் முகம் சுளித்தாலும் தெருவே பதில் சொன்னது. அது மாடி வூட்டுப் பூவு.

திங்கட்கிழமை பூ வதங்கி உதிர்ந்தது. மலர் அதைப் பேப்பரில் சுற்றிக் குப்பை வண்டியில் போட்டாள்.

நாற்றம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை இன்னும் கூடியது. முன்னே வந்தது காய்ந்த நாற்றம். இது ஈரமான நாற்றம். கொஞ்சம் தித்திப்பாக, தொண்டையில் ஒட்டிக் கொள்கிற மாதிரி... தயிர்சாதம் அப்படித்தான் இருந்தது. குடிக்கிற தண்ணீரும். தலையணையும். மலர் சாப்பிட்டது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

ஈக்களும் செடி பக்கம் வரவில்லை. கீழ் வீட்டுப் பாத்ரூம் ஜன்னலில் அப்பிக் கிடந்தன. பச்சையாய்ப் பளபளக்கிற பெரிய ஈக்கள். பெருச்சாளி ஏதாவது செத்திருக்கும் என்றான் ராஜ்கமல். வெளியே நின்றபடியே ஜன்னலுக்கு அடியில் ஒரு பாட்டில் ஃபினாயிலை ஊற்றினான்.

புதன்கிழமை. மாதாந்திர கரண்ட் கட். ஃபேன் இல்லை. ராஜ்கமல் டாக்டர்களைப் பார்க்க லைனுக்குப் போய்விட்டான். தெருவில் ஒரு குரல் இல்லை. பன்னிரண்டேகால் இருக்கும். மலர் ஈரத்துணியை மூக்கில் வைத்துக் கொண்டு தரையில் படுத்திருந்தாள்.

திரும்பினாள்.

வாசலில் டீச்சர் நின்று கொண்டிருந்தார்.

இரும்பு மாடிப்படி அது. பூனை ஏறினாலும் டங் டங் என்று சத்தம் கேட்கும். எதுவும் கேட்கவில்லை. அவசரமாக எழுந்தாள்.

"டீச்சர்... எப்ப வந்தீங்க கடலூர்லேருந்து?"

"நான் எங்க போனேன்?"

முந்தானையால் மூக்கையும் வாயையும் இறுக்கிப் பொத்தியிருந்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. சுற்றிலும் ஊதியிருந்தது. முட்டி வலியோடு படியேறி வந்திருக்கிறாரே, அவ்வளவு கோபமா? 

"நாறுது மலரு."

"பூவு டீச்சர்... உதுந்து போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"நாறுது. என்னால தாங்க முடியல. குளிச்சிக்கிட்டே இருக்கேன். போவ மாட்டேங்குது."

புடவைக் கொசுவம் சொட்டிக் கொண்டிருந்தது. சொட்... சொட்...

"சாயங்காலத்துக்குள்ள அது போவணும். இல்லன்னா நீ போவணும்."

ஒரு ஈ வந்தது. டீச்சரின் காதோரம் உட்கார்ந்தது. நடந்து... முந்தானைக்குள் போனது.

வெளியே வரவில்லை.

டீச்சர் அதைத் தட்டிவிடவும் இல்லை.

மலருக்குக் குமட்டியது. பாத்ரூமுக்கு ஓடினாள். வாந்தியெடுத்து, முகம் கழுவித் திரும்பி வந்தபோது வாசலில் யாரும் இல்லை. அவர் நின்ற இடத்தில் கொஞ்சம் தண்ணீர். மங்கலான, கொழகொழப்பான தண்ணீர். அதில் வெள்ளையாய் என்னவோ...

அரிசியா?

நெளிந்தது.

புழு. கொழுத்த புழு.

பூவில் பொரிந்த புழு காய்ந்துதான் சாகும். கொழுக்காது. அதைக்கூட அவள் யோசிக்கவில்லை. வீடு போய்விடுமே என்ற ஒரே பயம். ரெண்டு வருஷம் ஸ்பூனால் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடியைத் தொட்டியோடு தூக்கினாள். அழுது கொண்டே தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். வீட்டைக் கழுவினாள். ஊதுபத்தி கொளுத்தினாள்.

நாற்றம் அப்படியே இருந்தது.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது, ராஜ்கமலும் அன்று சீக்கிரமே வந்தான். அப்போது போன் அடித்தது. கடலூரிலிருந்து டீச்சரின் தங்கை.

"மலரா? அக்கா வரேன்னு சொல்லிட்டு வரவே இல்ல. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் தள்ளிப் போடும்னு இருந்துட்டேன். போனும் சுவிட்ச் ஆப். வூட்டுல இருக்கா?"

"இருக்காங்கம்மா. மத்தியானம்தான் மேல வந்து சத்தம் போட்டுட்டுப் போனாங்க."



"மேலயா? எங்கக்காவா? அது மாடி ஏறி மூணு வருஷம் ஆச்சேம்மா..."

ராஜ்கமல் கீழே ஓடினான். மலர் பாதிப் படியில் நின்றுவிட்டாள். நம் ஊரில் வீட்டில் ஆள் இருக்கும்போதும் கிரில் கேட்டைப் பூட்டித்தான் வைக்கிறோம். ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரிய, பூட்டு எந்தப் பக்கம் தொங்குகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்கத் தெருவில் ஒருவரும் குனியவில்லை.

ராஜ்கமல் குனிந்தான்.

"மலரு... பூட்டு உள்பக்கம்டி."

போலீஸ் வந்துதான் உடைத்தார்கள். பாத்ரூமில் குழாய் சொட்டிக் கொண்டிருந்தது. ராஜ்கமல் எட்டிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து வாந்தியெடுத்தான். பஸ்ஸுக்குக் கிளம்பக் குளிக்கப் போனவர் வழுக்கி விழுந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை விடிகாலையிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

பூ விரிந்த அதே விடிகாலை.

அன்று இருட்டுவதற்குள் டீச்சரை எடுத்துக் கொண்டு போனார்கள். அன்று ராத்திரியே வயிற்றுப் பிள்ளையோடு மலரும் பெண்ணாடத்துக்குப் போய்விட்டாள். மாற்றுப் புடவைகூட எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ராஜ்கமலோடு வந்தபோது, டீச்சரின் தங்கையைப் பார்த்ததும் மலருக்கு அழுகை பொங்கிவிட்டது. "என் செடியாலதாம்மா இப்படி ஆச்சு. தெருவே பூ நாத்தம்னு நெனச்சிடுச்சி. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். உசுரோட இருந்த வரைக்கும் என்னால டீச்சருக்கு எவ்ளோ தொந்தரவோ... ஒருநாள் கருவாடுகூட வறுத்துட்டேன். மோந்திருப்பாங்க. ஒரு வார்த்தை கேக்கல."

அந்த அம்மாள் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"மோந்திருக்குமா? எப்படி மோக்கும்? கொரோனாவுல போன மூக்கு அக்காவுக்குத் திரும்பவே இல்லியேம்மா. மல்லிப்பூவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. கேஸ் லீக்கானாக்கூடத் தெரியாம போயிடுமேன்னுதான் கடலூருக்கு வந்துடுன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். சாவுற வரைக்கும் அதுக்கு ஒரு நாத்தமும் தெரியாது."

சாகிற வரைக்கும்.

முந்தானையை மூக்கில் இறுக்கிப் பொத்தியிருந்த அந்தக் கை மலருக்கு நினைவு வந்தது. அவள் வாயைப் பொத்திக் கொண்டு வாசலுக்கு ஓடினாள்.