நடுப்பாறைக்கு இடது பக்கம் பனிச்சிறுத்தை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்பத்தூர் வீட்டு ஹாலில் ஒரு படக்காட்சி நடந்தது. இமயமலையில் நான் எடுத்த பனிச்சிறுத்தைப் படங்கள். டிவியில் போட்டுக் காட்டினேன். பார்வையாளர்கள் - என் மனைவி வசந்தி, பக்கத்து வீட்டு ரிட்டையர்டு ஃபோர்மேன் சார், அவர் மனைவி, மாடி வீட்டுக் குடும்பம். தட்டில் மிக்சர்.

முதல் படம் வந்தது. பாறை, பனி, மேலே கொஞ்சம் வானம்.

"சிறுத்தை எங்க சார்?" என்றார் ஃபோர்மேன்.

"அதோ... மூணு பாறை இருக்கு பாருங்க. நடுப்பாறைக்கு இடது பக்கம்."

அவர் எழுந்து டிவி அருகே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகு முகம் மலர்ந்தது. "அட, ஆமா! தெரியுது, தெரியுது! வாலை மடக்கிட்டுப் படுத்திருக்கு!"

எனக்குப் பகீரென்றது. ஏனென்றால்... அந்தப் படத்தில் சிறுத்தை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். நான் கேமரா வாங்கிய வைபவத்தை இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். வழக்கமாகப் படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். 'குளிர்காலத்தில் இமாச்சலம் போகிறேன், பனிச்சிறுத்தையோடு திரும்புவேன்' என்று அதில் ஒரு வரியும் இருந்தது. எழுதும்போது கை கூசவில்லை. அச்சில் பார்த்தபோதுதான் கூசியது.

வசந்தி அதை நம்பிவிட்டாள். அதுதான் பெரிய சிக்கல். ஹாலில் பல வருஷமாகத் தொங்கிய அருவிப் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டாள். புது ஃபிரேமுக்கு ஆர்டர் கொடுத்தாள். சுவரில் ஒரு புது ஆணியும் அடித்துவிட்டாள்.

"ஏங்க, ஆணி ரெடி. படத்தோட வாங்க. இல்லேன்னா அதுல உங்க கேமராவ மாட்டிடுவேன்."

அந்த ஆணி பயணம் முழுக்க என் மண்டைக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

துணைக்கு வந்தவர் டில்லிபாபு. குத்தம்பாக்கம் பக்கம் பரம்பரையாக நெல் போட்ட குடும்பம். இப்போது வேலப்பன்சாவடியில் ஹார்டுவேர் கடை. என்னைவிடப் பத்து வயது இளையவர். கேமரா கிடையாது. போன் மட்டும்தான். எதற்கு வருகிறாய் என்று கேட்டேன்.

"ஐஸ அண்டாவுல பாத்துகீறேன், லோடு வண்டில பாத்துகீறேன். தரையில பாத்தது இல்ல அண்ணாத்தே. அத்த ஒருதபா மிதிச்சிட்டு வந்துடலாம்."

மொத்தம் ஆறு பேர் கொண்ட குழு. மற்ற நால்வரில் முக்கியமானவர் பெங்களூரு டாக்டர். அவருடைய லென்ஸ், எங்கள் ஆவடியில் செய்கிற டாங்கியில் பொருத்தலாம் போல இருந்தது. அதைத் தூக்குவதற்கே தனியாக ஓர் ஆள். வழிகாட்டி தோர்ஜி, அந்த மலைக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஹிந்தி பேசுவார். டில்லிபாபுவுக்கு ஹிந்தி தெரியாது. அதனால் அவரிடம் தமிழிலேயே பேசினார். இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

குளிரைப் பற்றி என்ன சொல்ல? மார்கழியில் லேசாகப் பனி இறங்கினாலே மங்கி கேப் மாட்டுகிற ஊர்க்காரர்கள் நாம். அங்கே உள்ளே மூன்று, வெளியே இரண்டு என்று போட்டுக்கொண்டு நடந்தேன். கையை மடக்க முடியவில்லை. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பருப்புப் பொடிக்கு ஊற்றக் கொண்டுபோன நல்லெண்ணெய் உறைந்து வெண்ணெயாகிவிட்டது. டில்லிபாபு அதை ஸ்பூனால் வழித்து வைத்தார்.

முதல் மூன்று நாள் காட்டாடும் ஒரு கிராமத்து நாயும் மட்டும் கிடைத்தன. சத்தம் போடக் கூடாது என்பது விதி. டில்லிபாபுவுக்கு மெதுவாகப் பேச வராது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கடை வைத்திருப்பவருக்கு எப்படி வரும்? அவர் ரகசியம் சொன்னால் எதிர் மலையிலிருந்து பதில் வந்தது. டாக்டர் என்னை முறைப்பார். நான் வானத்தைப் பார்ப்பேன்.

நான்காம் நாள் காலை. தோர்ஜியின் வாக்கி-டாக்கி கரகரத்தது. அவர் முகம் மாறிவிட்டது. வாருங்கள் என்று கையசைத்தார். முழங்கால் வரை பனியில் புதைந்து புதைந்து ஒரு மேட்டில் ஏறினோம். என் நெஞ்சு மாவு மில் போல அடித்தது.

தோர்ஜி எதிர் மலையைக் காட்டினார். "அந்த வெள்ளைக் கோடு... அதற்கு மேலே மூன்று பாறை... நடுப்பாறை... இடது பக்கம்... நிழல். அங்கேதான் படுத்திருக்கிறது. தெரிகிறதா?"

பார்த்தேன். வெள்ளைக் கோடு ஒன்றல்ல, ஒன்பது. மூன்று பாறை என்ன, மலையே பாறை.

டாக்டரிடம் கேட்டார். "யெஸ்! பியூட்டிஃபுல்!" என்றார் டாக்டர். அடுத்தவரும் தலையாட்டினார். அடுத்தவர், அதற்கடுத்தவர்... என் முறை வந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, என் கல்யாணத்துக்கு உங்களை அழைத்துப் போக வேண்டும். பூந்தமல்லியில் ஒரு மண்டபம். பட்டப்பகல், பத்தரை மணி. அம்மி மிதித்தாயிற்று. அருந்ததி பார்க்க வேண்டும். எங்களை மண்டப வாசலுக்குக் கூட்டி வந்து, புரோகிதர் மேலே கை காட்டினார். "அருந்ததி தெரியறதா?" மேலே இருந்தது தகர ஷெட். நான் என்ன சொன்னேன்? "தெரியுது." பக்கத்தில் வசந்தியும் குனிந்த தலை நிமிர்ந்து, "தெரியுது." எல்லோரும் சாப்பிடப் போனோம்.

உங்களில் எத்தனை பேருக்குத் தெரிந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்?

அந்தப் பழக்கம் எங்கே போகும்? தோர்ஜி கேட்டதும் வாய் தானாகத் திறந்தது. "தெரியுது, தெரியுது!" சொன்னதோடு விட்டேனா... பாறையைக் குறிவைத்துப் படபடவென்று எடுக்க ஆரம்பித்தேன். எங்கேயாவது விழுந்திருக்கும், வீட்டில் போய்த் தேடிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

கடைசியாக டில்லிபாபு.

"எனுக்கு ஒண்ணியும் தெர்ல. வெறும் பாறதான் கீது."

தோர்ஜி மறுபடி விளக்கினார். "தெர்ல." மறுபடி. "தெர்ல நைனா." எனக்கு மானம் போனது. பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "தெரியுதுன்னு சொல்லித் தொலையேன்பா. எல்லாரும் பாக்கறாங்க."

"தெரியாதத இன்னான்னு தெரியுதுன்றது? கடைக்கு ஒர்த்தன் வந்து அர இன்ச் போல்ட் கீதான்னு கேட்டா, கீதுன்னு சொல்ட்டு உள்ள பூந்து தேடிகினா இருப்பேன்? இல்லன்னா இல்ல, அவ்ளோதான்."

தோர்ஜிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார். மூன்று கால் ஸ்டாண்டில் தான் நிறுத்தியிருந்த பெரிய தொலைநோக்கியைத் திருப்பி வைத்தார். டில்லிபாபுவின் மங்கி கேப்பைக் கழற்றினார். இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்து, கண்ணை அதில் பொருத்தினார்.

பிறகு டில்லிபாபு பேசினார். அவரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"அண்ணாத்தே... வாலு ஆடுது... நம்மளத்தான் பாத்துகினு கீது..."

கண் கலங்கியிருந்தது. குளிருக்கு இல்லை.

"வா அண்ணாத்தே, இதுல பாரு. சூப்பரா கீது!"

இரண்டடி தூரம்தான். குனிந்தால் போதும். ஆனால் ஏற்கெனவே பார்த்துவிட்டவன் மறுபடி எதற்குக் குனிவான்? டாக்டர் வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான் பாத்துட்டேனேப்பா," என்றேன். ஐம்பத்தெட்டு வயதில், அவ்வளவு தூரம் போய், இப்படியும் ஒரு மனுஷன் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்வானா?

டாக்டரும் அந்தத் தொலைநோக்கியைத்தான் பார்த்தார். முதல் பந்தியில் இடம் கிடைக்காதவர் இலையைப் பார்ப்பதுபோல. அவரும் 'பார்த்துவிட்டவர்' ஆயிற்றே, பாவம்.

தோர்ஜி டில்லிபாபுவின் போனைத் தொலைநோக்கியில் ஒட்டவைத்துப் படம் எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில், "எழுந்தது... போய்விட்டது," என்றார். நான் கேமராவில் பார்த்தேன். என் பாறையில் ஒரு மாற்றமும் இல்லை.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க படங்களை எனக்குக் கொஞ்சம் அனுப்புங்க. என்னோடது ஃபோகஸ் லேசா மிஸ் ஆயிடுச்சு." எனக்கும் அதேதான் ஆயிற்று என்றேன். அப்புறம் இருவரும் ரொம்ப நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஃபோர்மேன் சார் ஆரம்பித்து வைத்தார், அவ்வளவுதான். அவர் மனைவிக்குக் காது தெரிந்தது. மாடி வீட்டுக்காரருக்கு மீசை தெரிந்தது. மொத்த ஹாலும் வெறும் பாறையைப் பார்த்து 'ஆஹா' என்றது. வசந்தி மட்டும் ஆணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து டில்லிபாபு உள்ளே வந்தார். "அண்ணி, எம் போட்டோவும் ஒண்ணு கீது, போடலாமா?" போனை டிவியோடு இணைத்தார்.

வட்டமான படம். நடுவில் பனிச்சிறுத்தை. சாம்பல் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், வாயைப் பிளந்து பெரிய கொட்டாவி. கோரைப்பல் நாலையும் எண்ணலாம்.

ஃபோர்மேன் சார் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"இது வேற சிறுத்தை போல."

எல்லோரும் போன பிறகு வசந்தியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால் சிரிக்கிறாள். சோபாவில் சாய்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் கேட்டேன்: "உண்மையச் சொல்லு. அன்னைக்கு மண்டபத்து வாசல்ல உனக்கு அருந்ததி தெரிஞ்சுதா?"

"எனக்கு எங்கங்க தெரிஞ்சுது? நீங்க பளிச்சுனு தெரியுதுன்னீங்க. சரி, மாப்பிள்ளைக்குக் கண்ணு நல்லாருக்குன்னு நம்பி நானும் தலையாட்டினேன்."

ஆணியில் இப்போது டில்லிபாபு எடுத்த படம் தொங்குகிறது. 'யார் எடுத்தது?' என்று கேட்பவர்களிடம், 'தெரியலைன்னு சொன்னவரு' என்கிறாள் வசந்தி.