கூரைப் பாலத்துக்குள்

காரில் ஏறினால் என் வாய் ஓயாது. "லெஃப்ட்ல பைக் வருது, முன்னாடி ஸ்பீடு பிரேக்கர், அந்த ஆட்டோக்காரன் திரும்பப் போறான்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவேன். மகள் எனக்குக் கண்டக்டர் என்றே பட்டப்பேர் வைத்திருக்கிறாள். என் கணவர் முன்பெல்லாம் எரிந்து விழுவார். "வண்டி ஓட்டுறது நானா, நீயா?" என்பார். கொஞ்ச நாளாக ஒன்றும் சொல்வதில்லை. மனுஷன் ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று நினைத்தேன்.

பாலம் கட்டும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பாலம் என்றால் அவருக்குப் பைத்தியம். செங்கல்பட்டு தாண்டி உள்ளே, வாய்க்கால்களின் மேல் கூரை போட்ட பழைய பாலங்கள் மூன்று இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். எந்தக் காலத்திலோ ஆலைக்குப் போகிற நெல் மூட்டை நனையாமல் இருக்கக் கட்டியவையாம். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

சேலையூரில் பிஸ்மி சொல்லி வண்டியை எடுத்தவர், கேம்ப் ரோடு முடிவதற்குள் ஓரமாக நிறுத்தி, இறங்கி முன்கண்ணாடியைத் துடைத்தார். பெருங்களத்தூரில் மறுபடி துடைத்தார். "ஒரே அழுக்கு, ஒண்ணும் தெரியல" என்றார். எனக்கோ கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். அவர் இன்னொரு தரம் துடைத்துவிட்டு வந்து ஏறினார்.

முதல் பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் மகளுக்கு போன் போட்டேன். "வீடியோ எடுத்து அனுப்பும்மா. உன் கமென்ட்ரி மட்டும் வேணாம்" என்று சிரித்தாள். வம்பே வேண்டாம் என்று வாயை இறுக மூடிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தேன். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. பாலத்துக்குள் நுழைந்ததும் ஒரே இருட்டு. வௌவால் நாற்றம். ஓட்டுக்கூரையிலும் பக்கச் சுவரிலும் உடைந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம்.

கார் சடாரென்று நின்றது. போன் கை தவறி மடியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பம்பருக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா வெலவெலத்து நின்றிருந்தாள்.

"நல்லவேளை, பிரேக் போட்டீங்க" என்றேன்.

"நீ பேசலையே, அதான் நிறுத்தினேன். ஏன் பேசாம வர்ற?"

"அதான் அந்தம்மா நிக்கிறாங்களே!"

"எந்தம்மா?" என்றார்.

அந்த அம்மா திட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனாள். அவர் கண் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"வெயில்ல சமாளிச்சிடுவேன். நிழல்லதான் ஒண்ணும் தெரியல. நீ சொல்லிட்டே வர்றியே, அதை வச்சு ஓட்டிட்டேன்."

"டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?"

"போனா சாவியைப் பிடுங்கிடுவீங்க எல்லாரும்."

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்குள் பின்னால் ஒரு டிராக்டர் பாலத்துக்குள் நுழைந்து ஹாரன் அடிக்கத் தொடங்கியது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பாதிப் பாலம் இன்னும் பாக்கி இருந்தது. இரண்டு பக்கமும் சுவர் அடியில் உடைந்து, கீழே வாய்க்கால் தெரிந்தது.

"சொல்லு" என்றார்.

இத்தனை வருஷம் வாய்க்கு வந்ததைப் பேசியவளுக்கு, இப்போது ஒரு வார்த்தை பிசகினாலும் போச்சு.

"நேரா போங்க" என்றேன்.

வண்டி ஓட்டுறது நானா, நீயா என்று கேட்காமல் போனார்.