நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நாலு

மீன்பிடிக்கக் கடலுக்குப் போன மாமாவின் இஞ்சின் போட்டு மூன்றாம் நாளும் கரைக்கு வரவில்லை. கைத்தொலைபேசியும் வேலை செய்யவில்லை. ஆண்கள் தேடப் போய்விட்டார்கள். பெண்கள் எங்கள் வீட்டில் நபியவர்கள் மீதான நாரிய்யா ஸலவாத்து ஓதக் கூடினார்கள். அதை நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நாலு தரம் ஓதினால் நாடியது நடக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தவறாமல் எண்ணுவதற்குப் புளியங்கொட்டை. கொட்டைகளை எண்ணி ஆளுக்கொரு பங்கு வைக்கும் வேலையை உம்மா என்னிடம் விட்டார்.

அப்போது நான் ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் பரீட்சைக்குக் காரணிகளைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த காலம். அந்த எண்ணைத் தாளில் உடைத்துப் பார்த்தேன்: நாலு, பதினொன்று, நூற்றியொன்று. அதில் நூற்றியொன்று முதன்மை எண், அதற்கு மேல் உடையாது. வந்திருந்தவர்களோ ஒன்பது பேர். ஒன்பதால் பிரித்தால் ஏழு மிஞ்சியது. ஓடிப்போய்ப் பக்கத்து வீடுகளிலிருந்து இருவரைக் கூட்டிவந்தேன். பதினொரு பேர், ஆளுக்கு நானூற்று நாலு, மீதி ஒன்றுமில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாமாவைக்கூடச் சற்று நேரம் மறந்துவிட்டேன்.

குவியல்களை வைத்து முடித்த வேளையில் பக்கத்து ஊரான உடப்பிலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றார். மாமாவுடன் கடலுக்குப் போனவரின் மனைவி. நெற்றியில் திருநீறு, கோயிலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். யாரும் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“பன்னெண்டு பேருக்குப் பிரியாது. நாலு மிஞ்சும்.”

அவர் தலையாட்டிவிட்டு வாசற்படியிலேயே உட்காரப் போனார். மாமாவின் மனைவி, என் மாமி, எழுந்துபோய் அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார். தன் குவியலில் ஏறக்குறையப் பாதியை, எண்ணாமலே, அவர் பக்கம் தள்ளினார்.

“எனக்கு உங்கட ஓதல் தெரியாதே, தங்கச்சி.”

“தெரிஞ்சதச் செல்லுங்க. ரெண்டு பேரும் ஒரே போட்டுலதானே ஈக்கிறாங்க.”

அவர் ஒவ்வொரு கொட்டையாக ஒதுக்கினார். உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் ஓதியது ஸலவாத்து இல்லையே. எண் குறைந்துவிட்டது. எத்தனை குறைந்தது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. இருவரும் ஒதுக்கிய கொட்டைகள் ஒரே குவியலாகக் கலந்துவிட்டன. இனி மாமா வரமாட்டார் என்றே நினைத்தேன். அழுகை வந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டு வளவின் பின்பக்கம் போய், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மாமியின் பங்கான நானூற்று நாலையும் முதலிலிருந்து தனியே ஓதினேன். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போதுதான் முடிந்தது. நாக்கு வறண்டுபோயிருந்தது.

மறுநாள் காலை, இஞ்சின் பழுதாகி அலைந்துகொண்டிருந்த போட்டை இன்னொரு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. இருவரும் உயிரோடு இறங்கினார்கள். கரையில் மாமியும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள். குறைந்த கணக்கை நிரப்பியது நான்தான் என்ற பெருமையோடு நான் சற்றுத் தள்ளி நின்றேன். மாமிக்குக் கணக்கு வராது என்று அதற்குப் பிறகும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.