இடது கையால் வெட்டுங்கள்

காதலுக்குச் சீட்டுப் பார்க்கிற தொழிலில் பெரிய கஷ்டம் என்னவென்றால், வருகிறவர்கள் கேள்வியோடு பதிலையும் கையோடு கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பதிலையே நாம் திருப்பிக் கொடுத்தால் கெட்டிக்காரி. வேறு ஏதாவது சொன்னால் ஒன்றும் தெரியாதவள். சொந்தக்காரர் வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையில் அபிப்பிராயம் சொல்லப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அதையே தினமும் பிழைப்பாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் அதைத்தான் செய்தேன். என் பேர் மணி. புதுச்சேரியில், முதலியார்பேட்டையில், எழுபதுகளில் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. மில் திறந்திருக்கிற நாளைவிட மூடிக் கிடக்கிற நாள் அதிகம். அதற்கு முன்பு நான் கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு மதாம் வீட்டில் சமையல் வேலை பார்த்தேன். மதாம் தன் சிநேகிதிகளை உட்காரவைத்துச் சீட்டுப் பரப்புவாள். காபி கொண்டுபோகிற சாக்கில் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆர்டின் வந்தால் அன்பு, கிளாவர் வந்தால் பணம், டைமன் வந்தால் பயணம், இஸ்பேட் வந்தால் இடைஞ்சல். அவள் பிரான்சுக்குப் போனபோது அந்தச் சீட்டுக்கட்டை என்னிடம் விட்டுப் போனாள். விழுந்த சீட்டை விழுந்தபடிதான் சொல்லுவது என்று முதல் நாளே முடிவு பண்ணினேன். அந்தப் பிடிவாதத்தால் ஒரு வீட்டையே விட வேண்டி வந்தது. அதையும் சொல்கிறேன்.

அரைக் கட்டு

மதாமின் சீட்டுக்கட்டில் ராஜா மேல் 'கே' இருக்காது, 'ஆர்' இருக்கும். ராணிக்கு 'டி', ஜாக்கிக்கு 'வி'. எல்லாம் பிரெஞ்சு எழுத்து. அதோடு ஏழுக்குக் கீழே சீட்டே கிடையாது. இந்த ஜோசியத்துக்கு அவ்வளவுதான் கணக்கு.

ரம்மி ஆடிப் பழகியவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருவர் வந்தார். அம்மா வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டி எப்போது வருவாள் என்று தெரியவேண்டும். வந்த வேலையை விட்டுவிட்டுக் கட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ரெண்டு எங்கே, மூணு எங்கே, அஞ்சு எங்கே என்று விசாரித்தார். கடைசியில் கட்டைக் கீழே வைத்துவிட்டு, என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பது போல் பார்த்துக் கேட்டார்:

"பாதி சீட்டு இல்லாத கட்டுல என் பொண்டாட்டி எப்பிடிக்கா முழுசா தெரிவா?"

விபூதி பூசிய கை

கேட்பவர் தானே கட்டை வெட்ட வேண்டும், அதுவும் இடது கையால். மதாமின் சட்டம் அது. நெஞ்சுக்குப் பக்கத்துக் கை அதுதானாம். மதாமுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நம் ஊரில் கல்யாணக் காரியம் கேட்க வந்தவரிடம் பீச்சாங்கையை நீட்டு என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பையன். பெண் பார்த்துவிட்டு வந்திருந்தான். பெண் சம்மதிப்பாளா என்று கேட்க ஆசை. இடது கை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. வலது கையால் வெட்டுகிறேன் என்றான். முடியாது என்றேன். இரண்டு கையாலும் வெட்டுகிறேன் என்றான். அதுவும் முடியாது என்றேன். எழுந்து போய்க் குழாயடியில் சோப்புப் போட்டு இடது கையைக் கழுவினான். திரும்பி வந்து, என் சாமி படத்தின் முன்னால் இருந்த விபூதியை எடுத்து அந்தக் கையில் பட்டையாகப் பூசிக்கொண்டு, கண்ணை மூடி வெட்டினான். ஆர்டின் ராணி பளிச்சென்று விழுந்தது. வாசல்வரை போனவன் திரும்பி வந்து தாழ்ந்த குரலில் சொன்னான்:

"இந்தக் கையால வந்த பொண்டாட்டின்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா."

சட்டையில் இருந்த பூ

காலாப்பட்டுப் பக்கத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருத்தி. கூடையை வாசலில் வைத்துவிட்டு, புருஷனையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவருக்கு வேறு எவளோ இருக்கிறாள், சீட்டில் அவள் முகத்தைக் காட்டு என்றாள். சீட்டில் முகமெல்லாம் தெரியாது என்று சொல்லிப் பரப்பினேன். கிளாவர் விழுந்தது, ஒரு இஸ்பேட் ஏழு விழுந்தது. சில்லறைச் சண்டை. வேறு பொம்பளை எங்கேயும் இல்லை.

இல்லை என்று சொன்னதும் அவளுக்கு என் மேல்தான் கோபம். சட்டைப் பையில் மல்லிப்பூ இருந்ததே, அது எங்கிருந்து வந்தது என்று கத்தினாள். அதுவரை வாயே திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் மெல்லத் திரும்பினார்:

"உனக்குத்தான் வாங்கியாந்தேன். வூட்டுக்குள்ள வந்ததுலேர்ந்து நீ கத்திக்கினே இருந்தா நான் எப்பத்தான் குடுக்கறது?"

சொல்தாவின் கணக்கு

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தாவுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பிரான்ஸ் நேஷனாலிட்டி உண்டு. அதனால் கல்யாணச் சந்தையில் அவர்களுக்கு இருக்கிற கிராக்கியைக் கேட்க வேண்டாம்.

பெண்டாட்டி செத்துப்போன ஒரு சொல்தா வந்தார். வயசானவர், இஸ்திரி போட்ட சட்டை. ஒரு அம்மா என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள், என் மேல் ஆசையா பென்ஷன் மேல் ஆசையா பார் என்றார். மருந்துக்கும் ஆர்டின் இல்லை. பரப்பின இடமெல்லாம் கிளாவர். பெரிய மனுஷரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறைக்கவில்லை. அவர் கொஞ்சம் கூட அசரவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"பென்ஷனுக்கு வர்றவளே வரட்டும்மா. நான் செத்தா பாதிதான் வரும், அதனால என்னை நல்லா பாத்துக்குவா."

வீட்டுக்கார அம்மாவின் உத்தரவு

இனி அந்த வீட்டு விவகாரம். நாங்கள் முன் அறையில் வாடகைக்குக் குடியிருந்தோம். பின்கட்டில் வீட்டுக்கார அம்மா தனலட்சுமியும் அவர் மகள் வசந்தாவும். வசந்தாவுக்கு லாரிப் பட்டறையில் வெல்டிங் செய்கிற ஏழுமலை மேல் பிரியம். தெருவுக்கே தெரியும். அந்த நேரத்தில் ஒரு நேஷனாலிட்டி மாப்பிள்ளையின் போட்டோ வந்து சேர்ந்தது. பாரிசில் வேலை. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வசந்தா முடியாது என்றாள். சோறு சாப்பிடாமல் கிடந்தாள்.

ஒருநாள் தனலட்சுமி அம்மா முன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நாளைக்கு வசந்தாவை அனுப்புகிறேன், போட்டோ மாப்பிள்ளைதான் என்று சீட்டில் வந்ததாகச் சொல்லிவிடு, உன் பேச்சுக்குத்தான் அவள் மரியாதை வைத்திருக்கிறாள் என்றார். வசந்தா வெட்டினால் என்ன விழுகிறதோ அதைத்தான் சொல்வேன் என்றேன். அவர் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். என் அடுப்பு, பாய், துணிக்கொடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"இந்த ரூமுக்கு வேற ஆளுங்க கேட்டுக்கினு இருக்காங்க மணி. நல்லா யோசிச்சுக்கோ."

அன்று சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மில் மூடியிருந்த சமயம். வேறு வீடு பார்ப்பது லேசான காரியமில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். பிறகு, "உனக்கு வேற மாதிரி சொல்ல வருமா?" என்று கேட்டார். வராது என்றேன். "அப்பறம் என்னா, சோத்தைத் துண்ணு," என்றார்.

விழாத சீட்டு

வசந்தா வந்தாள். கண் வீங்கியிருந்தது. பின்கட்டுக் கதவின் மறைவில் அம்மா நிற்பது எங்கள் இருவருக்குமே தெரியும். சொல்லாமலே இடது கையால் வெட்டினாள். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

என்ன சொல்வது போங்கள். டைமன் ராஜா விழுந்தார், அதாவது வெளியூர் மாப்பிள்ளை. பக்கத்திலேயே டைமன் பத்து, தூரப் பயணம். கிளாவர் இரண்டு பக்கமும். இஸ்பேட் ஒன்றுகூட இல்லை. தனலட்சுமி அம்மா தானே உட்கார்ந்து அடுக்கியிருந்தால்கூட இவ்வளவு அழகாக வந்திருக்காது. அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பொய் சொன்னால் அவள் எழுந்து சிரித்துக்கொண்டு போவாள். அம்மாவுக்காகப் பொய் சொல்ல மாட்டேன் என்றவள், மகளுக்காக மட்டும் எப்படிச் சொல்வது? விழுந்தபடி சொன்னேன். பிரான்சு, நல்ல மனுஷன், குறையில்லாத வாழ்க்கை.

"ஏழுமலை எங்கக்கா விழுந்திருக்காரு?" என்று கேட்டாள்.

"விழவே இல்ல வசந்தா."

அவள் பரப்பியிருந்த சீட்டுகளைப் பார்த்தாள். பிறகு ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்த மிச்சக் கட்டைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவுப் பக்கம் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்:

"விழுந்தவரு எனக்கு வேணாங்க்கா. விழாத கட்டுலதான் அவரு இருக்காரு, நான் அங்கியே தேடிக்கறேன்."

காலி பண்ணு

அடுத்த மாதமே வசந்தாவும் ஏழுமலையும் ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கொண்டு ரெட்டியார்பாளையத்தில் குடிபோனார்கள். அன்றைக்கே எனக்கு உத்தரவு வந்துவிட்டது, வீட்டைக் காலி பண்ணு. எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அவர் சொல்லச் சொன்னதும் அதுதான், சீட்டு சொன்னதும் அதுதான், நான் சொன்னதும் அதுதான். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. பிறகு எதற்கு நான் காலி பண்ண வேண்டும்? நேராகப் போய்க் கேட்டே விட்டேன். தனலட்சுமி அம்மா கோபத்தில் மூச்சு வாங்கச் சொன்னார்:

"துக்கம் சொல்றவ மாதிரி மூஞ்ச வெச்சுக்கினு சொன்னா எவ பிரான்சுக்குப் போவா? கொஞ்சம் சிரிச்சுச் சொல்லியிருந்தா கொறஞ்சா பூடுவ?"

ரெட்டியார்பாளையம் பஸ்

நாங்கள் தெரு மாறினோம். அதே முதலியார்பேட்டைதான். கஷ்டப்பட்டோம், ஆனால் சீட்டை நிறுத்தவில்லை. வாடிக்கைக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தார்கள். தனலட்சுமி அம்மா தனக்கு மகளே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எதிரில் என்னைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு காலை நேரம். வாசலில் நிழல் தெரிந்தது. தனலட்சுமி அம்மா. பாதி ஆளாக இளைத்திருந்தார். நான் உட்காரச் சொல்வதற்குள் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"வசந்தாவுக்குப் பொண்ணு பொறந்திருக்காம். மீன்காரி சொல்லித் தெரிஞ்சுக்கறேன், என் தலையெழுத்து. அவ எங்கிட்ட பேசுவாளான்னு ஒரு சீட்டுப் போடு மணி."

பழைய கோபம் ஒரு பக்கம், பரிதாபம் ஒரு பக்கம். கட்டைக் கையில் எடுத்துக் கலைத்தேன். அந்த அம்மா வெட்டுவதற்கு இடது கையை நீட்டினார். ஒரு இஸ்பேட் விழுந்தால் போதும், இந்த மனுஷி எழுந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், அதோடு சரி. விழுந்ததை மாற்றிச் சொல்ல எனக்கு வராது. ஆனால் போடாமல் இருக்க வருமே! கட்டை டப்பாவில் போட்டு மூடினேன்.

"நீங்க கேக்கறதுக்குப் பதிலு இதுல இல்லம்மா, ரெட்டியார்பாளையத்துல இருக்குது. எழுந்திருங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது."

முடியாது என்றார். அவள் கதவைச் சாத்திவிட்டால் என்றார். முதலில் சீட்டைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றார். நான் கேட்கவில்லை. கையைப் பிடித்து எழுப்பி, கதவைப் பூட்டி, பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை.

வசந்தாதான் கதவைத் திறந்தாள். தோளில் குழந்தை. அம்மாவைப் பார்த்தாள், பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"என்னாம்மா, போவலாம்னு சீட்டுல வந்துச்சா?" என்றாள்.

தனலட்சுமி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குழந்தையைப் பார்த்தபடியே சொன்னார்:

"சீட்டெல்லாம் பாக்கலடி. பஸ்ஸு ஏறி வந்துட்டேன்."

வசந்தா குழந்தையை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்குச் சீட்டுப் போட்டதில் அச்சு அசலாகப் பலித்தது நான் போடாமல் விட்ட அந்த ஒன்றுதான் என்பதை, பிழைப்பு கெட்டுவிடும் என்று வாடிக்கைக்காரர் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.