ஏரிக்கரைக் கூட்டத்தில் பேசிய பெண்

மதிவதனி ஏழாம் வகுப்பு படித்தபோது, ஆரணிக்குள் இருந்த சாயப்பட்டறைகளை ஊருக்கு வெளியே மாற்றப்போவதாகப் பேச்சு கிளம்பியது. தேவிகாபுரம் சாலையில், அவள் ஊர் ஏரியை ஒட்டித்தான் இடம் பார்த்திருந்தார்கள்.

அவள் அப்பா அன்பரசு பட்டுநூலுக்குச் சாயம் போடுபவர். அடுத்தவர் பட்டறையில் கொதிநீரில் கை வெந்தே காலம் போயிருந்தது. புது இடத்தில் தனக்கென ஒரு பட்டறை கிடைக்கும் என்று நம்பினார். அம்மா கலைமகளின் தம்பி குப்புராஜுக்கோ அந்த ஏரித் தண்ணீரில்தான் நெல் விளைந்தது. அம்மா தம்பி பக்கம் நின்றாள். புருஷன் பெண்டாட்டி பேச்சு நின்றுபோனது. "சோறு வேணுமான்னு உங்கப்பன கேளு", "வேணாம்னு சொல்லு" என்று ஒரே அறையில் இருந்தவர்களுக்கு நடுவே மதி தூது போனாள்.

அதிகாரிகள் கருத்துக் கேட்க வரும் நாள் நெருங்கியது. குப்புராஜ் அவளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்தார். "நாங்க பேசினா கேஸு போடுவாங்க. கொழந்த பேசினா யாரு இன்னா பண்ண முடியும்?"

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. "பேசாத கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஏரிக்கரையில் நடந்த அந்தக் கூட்டத்தில், மாமா தோளைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தியதும், பட்டறை வேண்டாம் என்று மதி மனப்பாடம் செய்ததையெல்லாம் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. ஓர் அதிகாரி கனிவாகக் கேட்டார்: "உங்க வீட்ல யாராவது சாய வேலை செய்றாங்களாம்மா?"

"எங்கப்பா செய்றாரு. அங்க கழுவுற தண்ணிய தெருக் கால்வாயிலதான் வுடுறாங்க."

அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அவள் பேசிய வீடியோ ஆரணி முழுக்கச் சுற்றியது. பட்டறை முதலாளி அன்பரசுவை வேலையை விட்டு நிறுத்தினார். அன்றோடு அப்பா அவளிடம் பேசுவதை விட்டார். அவள் பரிமாறினால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

சில மாதங்களில் எதிர்ப்பு அடங்கியது. பட்டறைகளுக்கான இடத்தைச் சமன்படுத்த மண் அடிக்கும் வேலையைக் குப்புராஜே எடுத்தார். மேற்பார்வைக்கு அக்கா புருஷனையே அழைத்துக்கொண்டார். இருவரும் ஒரே வண்டியில் போய்வந்தார்கள். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

மதியால் பொறுக்க முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எதிரே போய் நின்றாள்.

"அப்புறம் எதுக்கு மாமா என்னப் பேச வெச்ச?"

குப்புராஜ் சிரித்தார். "நல்லாத்தான பேசின! நீ பேசினதாலதான் என்னக் கூப்ட்டுப் பேசி இந்த வேலயக் குடுத்தாங்க. இன்னா மாமா, நான் சொல்றது?"

"ஆமா மச்சான்" என்று அப்பாவும் சிரித்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

"பெரியவங்க பேசிகினு இருக்கும்போது உனக்கு இன்னா வேல இங்க? உள்ள போ" என்றாள் அம்மா.

அடுத்த ஜூனில் அவளை வந்தவாசியில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். வீட்டில் நிம்மதி வேண்டுமாம். இப்போது பதினொன்றாம் வகுப்பு. அம்மா மட்டும் மாதம் ஒருமுறை வருகிறாள். பண்டிகைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டாலும், பரீட்சை இருக்கிறது என்று மதி பொய் சொல்லிவிடுகிறாள்.