புஷ்பா அக்கா திரும்பப் பெற்ற கட்டுரை

சுங்கை ஆயர் தாவாரில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தபோது கவிதா அழைத்தாள். "மாமா, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். புஷ்பா அக்காவின் வீடு நான் நின்ற இடத்திலிருந்து இரண்டே தெரு. லோரிக் கதவைக்கூடச் சாத்தாமல் நடந்தேன்.

அக்காவோடு கிளினிக்கில் வேலை செய்தவர்களும் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் இந்த நினைவு மலரில் எழுதுகிறீர்கள். ஆறாம் வகுப்போடு நின்றுபோன என்னையும் எழுதச் சொன்னது அவர் மகளின் துணிச்சல். பிழை இருந்தால் கவிதாவைப் பிடியுங்கள்.

முப்பது வருடம் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்தவர் அக்கா. ஓய்வு பெற்றால் எல்லாரும் கோயில் சுற்றுலா போவார்கள். இவர் இசையில் மேற்படிப்புக்குப் பதிந்துகொண்டார். ஆராய்ச்சிக்கு எடுத்தது ஒரு பழைய அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு. வாரம் ஒருமுறை கோலசிலாங்கூரிலிருந்து லோடுக்கு வரும் நான் அவர் வீட்டில் காப்பி குடிக்காமல் திரும்பியதில்லை. அவரைச் சீண்டாமல் குடித்ததும் இல்லை.

"என்னா டாக்டரம்மா, அந்தத் தட்டு இன்னும் தேயலையா?"

"பட்டம் குடுக்குற வேலைய நீ பாத்தா லோரிய யாருலா ஓட்டுவா?"

"ஒருத்தன்கூட வாயத் தொறந்து பாடலையேக்கா அதுல. கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

"நாலு தடவ கேளு மணியம். அப்பறம் வந்து கிண்டல் பண்ணு."

இப்படிச் சீண்டிய அன்று அவர் முகத்தில் ஒரு தனிப் பெருமை. இரண்டு வருட உழைப்பில் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி, ஆள் உயரப் பிடில் ஒன்று மட்டும் உறுமும் இடத்தில், தாளக்காரர் வெண்கலத் தட்டை நகத்தால் மெல்லச் சுரண்டுகிறாராம். இதுவரை யாரும் அதைக் கவனித்து எழுதியதில்லையாம். கட்டுரையே அந்த நகத்தின் மேல்தான் நின்றது. பேராசிரியர் பாராட்டிவிட்டார். அடுத்த மாதம் மாநாட்டில் படிக்க வேண்டும்.

இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டால் தேயும் என்று, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துப் பிரதி எடுத்திருந்தார். அதைக் கேட்டுத்தான் வரி வரியாகக் குறிப்பெடுத்தார். அந்தப் பிரதியைத்தான் எனக்கும் கொடுத்தார்.

செரண்டாவில் ஒரு தொழிற்சாலை வாசலில் சரக்கு இறக்கக் காத்திருந்தபோது கேட்டேன். முதல் தடவை தூங்கிவிட்டேன். இரண்டாம் தடவை அந்த உறுமல் வந்தபோது, பின்னால் கிச்சு கிச்சென்று குருவிகள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அந்தத் தெருவில் ஒரு குருவிகூட இல்லை.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சுங்கை ஆயர் தாவாரில், சூப்புக்கு நல்ல விலைபோகும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் கட்டடங்கள் உண்டு. குருவிகளை வரவழைக்க, ஒலிபெருக்கியில் நாள் முழுக்கக் குருவிச் சத்தத்தை ஓடவிடுவார்கள். அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடமும் அப்படி ஒன்றுதான். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் காதில் ஏறுவதே இல்லை.

எனக்குக் கொண்டாட்டம். அடுத்த வாரம் படியேறும்போதே கத்தினேன். "அக்கா! உங்க அமெரிக்காக்காரன் மாடியில குருவி வளத்தானா?"

அக்கா சிரிக்கவில்லை. இசைத்தட்டைப் போட்டார். உறுமல் வந்தது, நகமும் சுரண்டியது. ஊசியைத் தூக்கினார். உறுமல் நின்றது. நகம் நிற்கவில்லை.

அப்போதுதான் என் வாய் என்ன செய்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அக்கா சமையலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"விடுங்கக்கா" என்றேன். "பேராசிரியரே நகம்னு ஒத்துக்கிட்டாரு. யாருக்குத் தெரியப் போவுது?"

"உனக்குத் தெரிஞ்சிடுச்சில்ல. எனக்கும் தெரிஞ்சிடுச்சி. இன்னும் எத்தன பேருலா வேணும்?"

என் எதிரிலேயே நின்றபடி பேராசிரியரை அழைத்தார். வணக்கத்துக்கு அடுத்த வரியே, "சார், நான் எழுதுனது தப்பு" என்பதுதான். தட்டு பழசு, கைப்பேசி மட்டம் என்று எதையும் முன்னால் வைக்கவில்லை. தப்பைச் சொல்லி முடித்த பிறகுதான் குருவிக் கதைக்கு வந்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "பரவால்ல சார், மாநாட்டுலேருந்து பேர எடுத்துடுங்க" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "குருவி வளத்தானாம்ல!" என்று ஆரம்பித்தவர், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அக்கா வாராவாரம் பஸ் ஏறிக் கோலாலம்பூருக்குப் போய், பல்கலைக்கழக நூலகத்தில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டார். புதிய கட்டுரையில் நகம் இல்லை. அந்தப் பிடில்காரர் எங்கெங்கே வாசிக்காமல் விட்டார் என்பதைத்தான் எழுதினார். அதில் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லையே என்று நான் வாயைக் கிளறினேன். "முன்ன எழுதுனதுல நான்லா பெரிய ஆளு. இதுல வாசிச்சவங்க பெரிய ஆளு" என்றார். முதல் பக்கத்தில் தன் பழைய தவற்றையும், அதைக் கண்டுபிடித்தவன் ஒரு லோரி ஓட்டுநர் என்பதையும் எழுதியிருந்தார். பட்டமும் வாங்கினார்.

ஜாஸ் எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அவர் போன் பேசிய விதத்தைத்தான். லோரியை இடித்துவிட்டான் என்று என் மைத்துனன் மேல் பழி போட்டு, ஒரு வருடமாகப் பேச்சை நிறுத்தியிருந்தேன். இடித்தது அவனில்லை என்று ஆறு மாதத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்ததும் அவனுக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன், "நான் சொன்னது தப்பு" என்றேன்.

"சாப்டிங்களா மாமா?" என்றான்.